லிட்டருக்கு எட்டு

விக்ரோலிப் பட்டறையில் எங்கள் லாரிக்கு அந்தப் பெட்டியைப் பூட்டிய நாளில், பட்டறைக்கார அண்ணாச்சிக்கு நான் ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து என்பது என் நினைவு. ஏழு என்று அவர் பிற்பாடு சொன்னார். போனில் இருந்த பட்டியலையும் காட்டினார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

பெட்டி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சோப்பு டப்பா அளவுதான். இந்தக் காலத்து டீசல் இஞ்சினில் எவ்வளவு டீசலை எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குப் போகும் ஒயரின் நடுவில் இந்த டப்பாவைச் சொருகிவிட்டால், அது கம்ப்யூட்டரின் காதில் வேறு எதையோ சொல்லி, அதே டீசலில் வண்டியைக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடவைக்கும். வண்டிக் கம்பெனி தருவதில்லை, நாமாக வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் டியூனர் என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது பெட்டி. தாராவியில் லாரி வைத்திருப்பவர்கள் நடுவே அது சில நாட்களிலேயே 'அந்தப் புள்ள வாங்கின பெட்டி' ஆகிவிட்டது. அந்தப் புள்ள நான்தான்.

டப்பாவின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு, அதைச் சுற்றிப் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை எண்கள். எந்த எண்ணில் வைப்பது என்பதுதான் அந்த ஐந்து (அல்லது ஏழு) போன்களின் விஷயம். சிக்கனத்துக்கு மூன்று என்று ஓரிடத்தில் படித்தேன். போன் செய்தேன். மூன்றில் வைத்தால் இஞ்சின் சூடேறும் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். போன் செய்தேன். அவர் எழுதியது வேறு வண்டியைப் பற்றி என்று தெரிந்தது. மறுபடியும் போன் செய்தேன். மடியில் ஒன்பது மாதக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க, ஒரு கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படிக்கும் பெண்ணிடம் இதைவிட அதிகத் தெளிவை எதிர்பார்க்கக் கூடாது.

இவ்வளவு பதற்றத்துக்கும் காரணம் மஸ்கட்.

லாரி என் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. பதினான்கு அடி வண்டி. தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி அரிசி மாதிரி மணியாக்குகிறார்களே, அந்த மணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாசிக்கில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருவது என் கணவரின் வேலை. அத்தான், அதாவது அவர் அண்ணன், லோடு பிடிப்பதைப் பார்த்துக்கொள்வார். வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது. சில நாள் அதுவும் இல்லை. இங்கே அதை 'ஆவரேஜ்' என்பார்கள். இரண்டு லாரிக்காரர்கள் சந்தித்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் ஆவரேஜ் என்ன என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, வந்த அத்தான், சேரில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். முடிவெடுத்துவிட்டு வந்தால் அவர் உட்கார மாட்டார்.

"ஏல, இந்த வண்டிய வச்சு நாம டீசல் பம்புக்குத்தான் உழைக்கோம். வித்துருவோம். ஒனக்குத்தான் மஸ்கட்ல ட்ரைலர் ஓட்ட ஆள் கேக்காவளே. ரெண்டு வருசம் போயிட்டு வா."

"ரெண்டு வருசமாண்ணே?" என்றார் என் கணவர். அவர் பார்வை தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பாப்பாமேல் போனது. அவள் அத்தானின் செருப்பை வாயில் வைக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் பிடுங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து இவள் மூன்று வயதை நெருங்கியிருப்பாள். வாசலில் சூட்கேசோடு நிற்கும் ஆளைப் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். இது என் மனதுக்குள் ஒரு படமாகவே ஓடியது. எனக்கு எதுவுமே படமாகத்தான் ஓடும், அதுவும் கெட்ட முடிவோடுதான் ஓடும். ஆனால் அன்று வாய் முந்திக்கொண்டது.

"அத்தான், வண்டி எட்டு குடுத்தா?"

"குடுத்தா எதுக்கும்மா விக்கேன்? எட்டு குடுக்குற வண்டிய வித்தா எனக்குக் கிறுக்கான்னு கேப்பான்."

"அப்ப எட்டு குடுக்க வைக்கேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். என் கணவர் என்னைப் பார்த்தார். அத்தான் கடைசியில் உட்கார்ந்தார். பெட்டியைப் பற்றி விளக்கினேன். பி.காம். படித்த தெம்பில் கொஞ்சம் ஆங்கிலம் கலந்து விளக்கினேன். அத்தானுக்கு அதில் முக்கால்வாசி புரிந்திருக்காது, எனக்கும் பாதி புரிந்திருக்கவில்லை. ஆனால் அவர் நியாயமான மனிதர். ஆறு ட்ரிப் தருகிறேன் என்றார். பெட்டி பூட்டி ஆறு ட்ரிப். ஆறையும் சேர்த்து ஆவரேஜ் எட்டு வந்தால் வண்டி இருக்கும், வராவிட்டால் மஸ்கட்.

அளப்பது யார் என்ற கேள்வி உடனே வந்தது. ஏனென்றால் என் கணவரின் அளவு இப்படி இருக்கும்:

"எத்தன கிலோமீட்டர் ஓடுச்சு?"

"முன்னூத்திச் சொச்சம்."

"சொச்சம்னா?"

"சொச்சம்னா சொச்சந்தான். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

ஆகவே நானே கூடப் போவது என்று முடிவானது. நான் போனால் பாப்பாவும் வர வேண்டும், பால்குடிக் குழந்தை. இதை நினைத்து எத்தனை நாள் கவலைப்பட்டேன் என்பதை இங்கே எழுதினால் வண்டி கிளம்பவே கிளம்பாது. புகை, தூசி, வெயில், காசாரா மலைப்பாதை, கொசு, பால், மாற்றுத்துணி. இரண்டு பை கட்டினேன். ஒரு பையில் இருந்ததெல்லாம் இன்னொரு பையிலும் இருந்தது.

சீட்டுக்குப் பின்னால் டிரைவர் படுக்கும் பலகை இருக்கிறது. அதன்மேல் கூரைக் கம்பியில் என் பழைய சுங்குடிச் சேலையால் தூளி கட்டினோம். இறுக்கிப் பார்த்தேன். என் கணவரை அதைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன்.

"என்ன பாத்தா பாப்பா மாதிரியா இருக்கு?"

"நீங்க தொங்கினா தாங்குதுன்னா அவளையும் தாங்கும்."

தொங்கினார். தாங்கியது.

சயானில் இருக்கும் பம்பில் டேங்கின் கழுத்துவரை டீசல் நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். போய்த் திரும்பியதும் அதே பம்பில், அதே குழாயில், வண்டியை அதே பக்கமாக நிறுத்தி மறுபடி கழுத்துவரை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் வண்டி குடித்தது. இந்த விதிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கணவரிடம் கையெழுத்து வாங்கினேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

பாப்பா தாணே தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

என் கணவர் வண்டி ஓட்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். அவர் ஹாரனைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொள்வோம். முன்னால் போகிறவனை முந்தாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று அத்தான் சொல்வார். ஆனால் நான் பார்த்த ஓட்டுநர் வேறு ஆள். இஞ்சினின் முனகல் ஒரே சுதியில் இருக்கும்வரை பாப்பா தூங்கினாள். பிரேக் அழுத்தினால் தூளி முன்னால் வந்து இடித்தது, சிணுங்கினாள். வேகமாக மிதித்தால் இஞ்சின் கத்தியது, கண்ணைத் திறந்தாள். இரண்டு முறை இப்படி நடந்தது. அதற்கப்புறம் அவர் கால் பெடலில் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தூரத்தில் சிக்னல் சிவப்பானால் இங்கேயே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டுபோய், பச்சை விழும் நேரத்துக்கு அங்கே சேரும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், ஹாரனில் கை வைக்காமல், கண்ணாடிச் சாமான் ஏற்றியவர் மாதிரி போனார்.

பின்னால் வந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிவண்டி அருகே ஒரு பெரிய லாரிக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "அரே பாய், பாராத் மே ஜா ரஹா ஹை க்யா?" என்று கத்தினார். கல்யாண ஊர்வலத்திலா போகிறாய் என்று கேட்கிறார். என் கணவர் கட்டைவிரலால் பின்னால் தூளியைக் காட்டினார். அந்த மீசைக்காரர் முகம் மாறியது. உதட்டில் விரலை வைத்துத் தலையாட்டி, எங்களை முந்தாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரித்தாலும் விழித்துவிடுவாள்.

மறுநாள் மாலை சயான் பம்பில் நாற்பத்தோரு லிட்டர் பிடித்தது. ஓடியது முந்நூற்று நாற்பது. நோட்டை என் முழங்கால்மேல் வைத்து வகுத்தேன். தப்பாக வகுத்துவிட்டோமோ என்று போனில் வகுத்தேன். போனும் தப்பாக இருக்கலாம் என்று மறுபடியும் கையால் வகுத்தேன். எட்டு புள்ளி இரண்டு ஒன்பது.

"எவ்ளோ?" என்றார் என் கணவர்.

நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் பம்பு நடுவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். ஆடியதாகச் சொன்னால் மறுப்பார், ஆனால் அது ஆட்டம்தான். "பெட்டிட்டீ! ஒன் பெட்டி!" என்று கத்தினார். பம்புக்காரர் எங்களுக்கு லாட்டரி விழுந்ததாக நினைத்தார். வண்டிக்குள் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பெட்டியிலிருந்து இழுத்துவைத்த ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே நான் குங்குமம் வைத்தேன்.

அடுத்த மூன்று ட்ரிப்பும் அதே கதை. எட்டு புள்ளி ஒன்று ஒன்பது, எட்டு புள்ளி மூன்று மூன்று, எட்டு புள்ளி இரண்டு ஐந்து. அத்தான் தாராவியின் லாரிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து பச்சை விளக்கைக் காட்டினார். அவர்கள் குனிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அதைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஒருவர் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன். குங்குமம் வைத்தது தப்போ என்று அப்போது தோன்றியது.

நான் மிதந்தேன். கோலியில் பாத்திரம் கழுவும்போதும் எட்டு புள்ளி மூன்று மூன்று என்று முணுமுணுத்தேன். ஒரே ஒரு கவலை, இஞ்சின் சூடு. மூன்றில் வைத்திருக்கிறோமே என்று சூடு காட்டும் முள்ளை வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வருவேன். அது நடுவிலேயே நின்றது.

ஐந்தாவது ட்ரிப்புக்கு முதல் நாள் பாப்பாவுக்குச் சளி பிடித்தது. செம்பூர் டாக்டர் அவளை வெளியூர் கொண்டுபோகக் கூடாது என்றார். என் கணவர் தனியாகப் போனார். மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். சமர்த்தாக அனுப்பினார். அடுத்து பம்பிலிருந்து வந்த போட்டோவில் நாற்பத்தொன்பது லிட்டர் முந்நூறு மில்லி.

ஆறு புள்ளி ஒன்பது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "பெட்டி போயிருச்சு" என்றார். நான் நோட்டை எடுத்து ஐந்து ட்ரிப்பையும் கூட்டினேன். ஏழு புள்ளி ஒன்பது ஐந்து. எட்டுக்குக் கீழே. ஆறாவது ட்ரிப்பில் வண்டி நாற்பத்தோரு லிட்டர் இருநூறு மில்லிக்குமேல் குடித்தால் மஸ்கட். குடிக்காவிட்டால் வீடு. அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்டது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

மறுநாள் காலையே விக்ரோலிக்குப் போனோம். பாப்பாவைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தேன். அண்ணாச்சி வண்டியின் முன்பகுதியைத் தூக்கிச் சாய்த்து, டார்ச் அடித்துப் பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் அண்ணாச்சி ஆறு புள்ளி ஒம்பது?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? பெட்டி சைபர்ல இருக்கு."

"சைபர்னா?"

"சைபர்னா பெட்டி இருக்கு, வேல செய்யல. லைட்டு மட்டும் எரியும்."

"அஞ்சாவது ட்ரிப்புல யாரு சைபர்ல வச்சா?"

"அஞ்சாவது ட்ரிப்பா? பூட்டுன அன்னிலேர்ந்து சைபர்லதான் இருக்கு. நீங்கதான் வைக்கச் சொன்னிய." அவர் போனை எடுத்துப் பட்டியலைக் காட்டினார். ஏழு அழைப்பு. "மூணுல வைங்கன்னிய. வேண்டாம் ரெண்டுன்னிய. திரும்ப மூணு. அப்புறம், 'சூடாயிருமோ, ஒண்ணுல வைங்க.' கடசியில என்ன சொன்னிய? 'இப்போதைக்குச் சைபர்லயே இருக்கட்டும் அண்ணாச்சி, நான் நல்லாப் படிச்சிட்டுச் சொல்லுதேன்'னு. நானும் காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் படிச்சு முடிக்கல போல."

அந்தக் கடைசிப் போன் எனக்கு ஞாபகம் வந்தது. பாப்பா அழுதுகொண்டிருந்தாள், அடுப்பில் பால் பொங்கியது. அப்போதைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். மறுபடி கூப்பிட்டு மூன்று என்று சொல்லிவிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மனதுக்குள் சொல்லியிருப்பேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கணவரைத் திரும்பிப் பார்க்கவே பயம்.

அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மொத நாலு ட்ரிப்பு எட்டு குடுத்தது யாரு?"

"அதுலயும் இதுலயும் என்ன வே வித்தியாசம்?" என்றார் அண்ணாச்சி. "ஏத்துன லோடா?"

"அதே லோடுதான். அதே ரோடு. இவ வரல. பாப்பா வர..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மூன்று பேரும் பாப்பாவைப் பார்த்தோம். அவள் பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டு, எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள்.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "யம்மா, அந்தப் பெட்டிக்கு ஒரு வருசம் கேரண்டி போட்டிருக்கான். இந்தப் பெட்டிக்கு எத்தன வருசம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் பயமும் சேர்ந்து வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. ஒரு மாதமாக வெறுமனே எரிந்த விளக்குக்குக் குங்குமம் வைத்திருக்கிறேன். வேலை செய்யாத பெட்டியால் இஞ்சின் சூடாகிறதா என்று முள்ளைப் பார்த்திருக்கிறேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனிதரை நினைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் கணவரும் டயர்மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்.

"இப்ப மூணுல வச்சிரட்டுமா?" என்றார் அண்ணாச்சி, ஸ்க்ரூடிரைவரோடு.

"வச்சா என்ன கிடைக்கும்?"

"கால் மெதுவா இருந்தா அர கிலோமீட்டர் கூடக் குடுக்கும். கால் கனமா இருந்தா எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

இருப்பது ஒரே ட்ரிப். பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, அவள் வர முடியாது. பூஜ்ஜியத்தில் எட்டு வரும் என்பதற்கு நாலு ட்ரிப் சாட்சி. மூன்றில் என்ன வரும் என்பதற்கு அண்ணாச்சியின் வாய் மட்டும்தான் சாட்சி. பத்து நிமிடம் யோசித்தேன்.

"சைபர்லயே இருக்கட்டும்."

"ஏட்டி, இவ்ளோ பாடுபட்டு வாங்கின பெட்டிய சைபர்ல வச்சுக்கிட்டா ஓட்டணும்?" என்றார் என் கணவர்.

"அதுதான் நமக்குத் தெரிஞ்சது."

அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். பாப்பாவின் எடை ஏழரைக் கிலோ. டாக்டர் அட்டையில் இருக்கிறது. அதே எடைக்கு அரிசியை நிறுத்து ஒரு துணிப்பையில் கட்டித் தூளியில் கிடத்தினேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய அவளுடைய சிவப்புக் கிலுகிலுப்பையை அரிசியின்மேல் வைத்துக் கயிற்றால் கட்டினேன். லேசாகத் தொட்டாலே தெருவுக்குக் கேட்கும் சாமான் அது. பிரேக் போட்டாலோ, சடாரென்று மிதித்தாலோ தூளி ஆடும். ஆடினால் சத்தம் வரும்.

"சத்தம் வந்தா பாப்பா முழிச்சிட்டான்னு வச்சுக்கிடுங்க."

என் கணவர் அரிசி மூட்டையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாப்பாவின் குல்லாவை எடுத்து வந்து மூட்டைக்குப் போட்டுவிட்டார்.

அவர் கிளம்பிப் போன அன்று முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்பது என் சட்டம். அதனால் அவர் டீ குடிக்க நிறுத்தும் இடங்களுக்காகக் காத்திருந்தேன். காசாரா ஏறுவதற்கு முன்னால் கூப்பிட்டார். குரல் ரகசியமாக இருந்தது.

"என்னங்க, ஏன் மெதுவாப் பேசுதிய?"

"அரிசி தூங்குதுட்டீ."

மறுநாள் மாலை நான் பாப்பாவோடு சயான் பம்பில் நின்றேன். அத்தான் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். லாரி வந்தது. வழக்கமான பக்கமாக நின்றது. மீட்டரில் முந்நூற்று நாற்பது. என் கணவர் இறங்கி எங்கள் பக்கம் வராமல் நேராக டேங்க் மூடியைத் திறந்தார்.

எண்கள் ஓட ஆரம்பித்தன. முப்பது, முப்பத்தைந்து. பாப்பா என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள், நான் தடுக்கவில்லை. நாற்பது புள்ளி மூன்றில் குழாய் 'டக்' என்று தானாக நின்றது.

"ஆச்சு!" என்று துள்ளினார் என் கணவர். "நாப்பதே சொச்சம்!"

நான் டேங்குக்குள் எட்டிப் பார்த்தேன். மேலே நுரை. டீசல் நுரைத்துக் கழுத்துவரை வந்ததால் குழாய் ஏமாந்து நின்றிருக்கிறது. நுரை அடங்கினால் இன்னும் பிடிக்கும். மற்ற ஐந்து ட்ரிப்பிலும் வண்டியை ஆட்டி நுரையை அடக்கித்தான் நிரப்பினோம். விதி நோட்டில் எழுதியிருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

"நுரை இருக்கு. ஆட்டணும்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, நீ எந்தக் கட்சி?"

"நோட்டுல இருக்குங்க."

"ஹிலாவ், ஹிலாவ்" என்று பம்புக்காரர் தானே வண்டியில் கை வைத்தார். என் கணவரும் அத்தானும் சேர்ந்துகொண்டார்கள். ஹெல்மெட் போட்டவர், போடாதவர், பம்புச் சட்டைக்காரர், மூன்று பேரும் லாரியைத் தொட்டில் மாதிரி ஆட்டினார்கள். உள்ளே கிலுகிலுப்பை கலகலவென்று அடித்தது. நுரை இறங்கியது. நாற்பது புள்ளி எட்டு. மறுபடி ஆட்டினார்கள். நாற்பத்தொன்று. டேங்கின் கழுத்தில் இப்போது டீசல் பளபளவென்று அசையாமல் நின்றது. இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு. நாற்பத்தொன்று புள்ளி ஒன்று.

"பஸ்!" என்றேன். போதும்.

பம்புக்காரர் திரையில் ரூபாயைப் பார்த்தார். முழு எண்ணுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எல்லாப் பம்புக்காரர்களுக்கும் உள்ள பழக்கம் அவருக்கும் இருந்தது. "ரவுண்ட் ஃபிகர் கர்தூம், பாபி?" முழுசாக்கிடட்டுமா அண்ணி என்று கேட்டுக்கொண்டே குழாயை மறுபடி அழுத்தப் போனார்.

"நை!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் குழாயைக் கீழே போடாதது ஆச்சரியம். பாப்பா வீறிட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற ரிக்ஷாக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

மிச்சம் நூறு மில்லி. பாப்பாவின் தண்ணீர் பாட்டிலில் பாதிகூட வராது. நோட்டில் வகுத்தேன், போனில் வகுத்தேன், மறுபடியும் நோட்டில். எட்டு. எட்டுக்குப் பிறகு ஒரு புள்ளி, இரண்டு பூஜ்ஜியம், அப்புறம் ஏதோ ஓர் எண்.

அத்தான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பெட்டின்னா பெட்டிதாம்மா" என்றார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா? மாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்ஜியம், ஏழு போன், அரிசி, குல்லா. அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க வேர்வை.

"அப்ப நான் ஊரக் கூட்டிக் காட்டுனது வெறும் லைட்டையா?"

"ஆமா அத்தான்."

அவர் வண்டிக்குள் எட்டி, தூளியில் குல்லாவோடு கிடந்த அரிசியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"பதினோரு வருசமா ஒங்கிட்ட மெதுவா ஓட்டுலன்னு சொல்லுதேன். அரிசி சொன்னாக் கேப்பியோ?" பிறகு என்னிடம், "எட்டு குடுத்துச்சா, இல்லியா? எட்டுன்னா எட்டு. யாரு குடுத்தா என்ன. ஏல, அந்த மஸ்கட்காரனுக்குப் போனப் போடு."

என் கணவர் அங்கேயே போன் போட்டார். "மாப்ள, நான் வரல... இல்லடா, வண்டி எட்டு குடுக்குது... எப்படியா? ஒரு அரிசி மூட்ட வாங்கு, சொல்லுதேன்."

சளி சரியானதும் ஏழாவது ட்ரிப்புக்குப் பாப்பாவும் நானும் போனோம். பரீட்சை இல்லை, ஆனாலும் நோட்டைக் கொண்டுபோனேன். அவள் இப்போது தூங்கவில்லை. வண்டி அவளுக்குப் பழகிவிட்டது. என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தூளியில் தொங்கும் கிலுகிலுப்பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். முலுண்டு பக்கம் ஒரு நாய் குறுக்கே வர, என் கணவர் பிரேக் போட்டார். கிலுகிலுப்பை கலகலத்தது. பாப்பா வாயெல்லாம் ஈறாகச் சிரித்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். முன்னால் நாய் இல்லை, மாடு இல்லை, காலி ரோடு. இன்னொரு பிரேக் போட்டார்.

கலகல. பாப்பா கைதட்டினாள்.

"ஏங்க, டீசல்!"

"ஒண்ணே ஒண்ணுட்டீ." இன்னொரு பிரேக். இன்னொரு சிரிப்பு. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார், இவரும் பதிலுக்கு அடித்தார், அதற்கும் அவள் சிரித்தாள். நாசிக் போய்ச் சேரும்வரை அப்பாவும் மகளும் ஓயவில்லை. எங்கே போய் முடியும் என்று நோட்டைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி வந்ததும் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டிய மூணுல வச்சிருவோம்."

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான். மூணு." கொஞ்சம் யோசித்தேன். "இல்ல அண்ணாச்சி, ரெண்டுன்னா எப்படி இருக்கும்?"

அந்தப் பக்கம் ஸ்க்ரூடிரைவர் மேஜைமேல் விழும் சத்தம் கேட்டது.